உள்ளத்துயரும் ஒதுக்கப்பட்ட இளைஞரும்

மக்கட்பிறவிக்கு உறும் துன்பங்கள் இருவகைப்படும். உடலைப் பற்றி வருவன ஒருவகை. உள்ளத்தைப் பற்றி வருவன மற்றொருவகை. காலில் முள் தைத்தவனைக் கண்டால் வழிச்செல்வோரும் நின்று வினவுவர். உள்ளத்தில் முள் தைத்தவனையோ ஓரறையில் உடன் உறைவோரும் அறியார். அறியினும், "ஆண்பிள்ளைதானே, தானே தேறிக்கொள்வான்" எனக் கூறித் தம் வழியே செல்வர். அங்ஙனம் கூறிச் சென்றாருள் யானும் ஒருவன். ஆதலின் இக்கட்டுரையைப் பிறர்மேற் குற்றஞ் சுமத்தும் கருத்தோடு எழுதப் புகுந்தேனல்லேன். என் குற்றத்தை ஒப்புக்கொண்டே தொடங்குகின்றேன்.

யான் முன்னர்ப் பயின்ற கல்லூரியின் விடுதியில், கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரினின்று வந்த மாணவர் ஒருவர் என் அறையில் இருந்தார். அமைதியானவர், கணக்கில் வல்லவர். அவரிடம் எவர்சில்வர்க் குவளை ஒன்று உண்டு. உணவுக்கூடத்தில் குவளைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பினும் அவர் அவற்றைத் தொடார். தம் குவளையிலேயே நீர் அருந்துவார். பின் அதனைக் கழுவித் துடைத்துப் பெட்டியுள் வைத்துப் பூட்டுவார். யாங்கள் அவருக்குச் "சுத்தக்காரர்" என்று பெயரிட்டு நகையாடினோம். அவரும் சிரித்துக்கொள்வார். இரண்டாம் ஆண்டில் அவருக்கு உணவு குறைந்தது, உறக்கம் ஒழிந்தது, வகுப்பிற்கு வருவதும் அருகிற்று. "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால், "தலைவலிங்க" என்பதே விடை. சோம்பல் என்று யாங்கள் முடிவுகட்டினோம். ஒருநாள் விடியுமுன் பெட்டியோடு ஊருக்குச் சென்றவர் மீளவில்லை.

ஆண்டுகள் சில சென்றபின், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாயிலில் அவரைக் கண்டேன். அப்பொழுதுதான் குவளையின் வரலாறு வெளிவந்தது. அவர் அருந்ததியர் குலத்தினர். அவரூர்த் தேநீர்க்கடையில் அவர் குலத்தார்க்கெனத் தனிக்குவளை இருந்தது. "நான் குடிச்ச டம்ளர்லதான் நாமளும் குடிச்சோம்னு பின்னாடி தெரிஞ்சு, யாராச்சும் மூஞ்சியச் சுளிச்சா என்னங்க பண்றது? அதுக்குத்தான் எந்துன்னு ஒண்ணு வெச்சுக்கிட்டேன்" என்றார். அவர் சினந்து கூறவில்லை. பழைய கதை சொல்வார்போலக் கூறினார். யான் தலைகுனிந்து நின்றேன். கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது; யாங்கள் எவரும் செவி கொடுக்கவில்லை. இடம் கொடுத்தல் வேறு, செவி கொடுத்தல் வேறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒதுக்கப்பட்ட குலங்களிற் பிறந்த இளைஞரின் உள்ளத்துயரை அறிய வேண்டின், கொங்கு நாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். நம் நாடு பெரிதும் வானம் பார்த்த பூமி. ஆழக் கிணறு வெட்டி, எருது பூட்டிக் கவலை இறைத்தே இங்கு வேளாண்மை வளர்ந்தது. நீர் முகக்கும் தோற்பையைத் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர். பண்ணையில் ஆண்டுக் கூலிக்கு உழைத்தோரும், ஆடுமாடு மேய்த்தோரும் அவர்தம் மக்களே. அச்சிறுவர் வாழ்வை எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட "கூளமாதாரி" என்னும் நாவலில் விரித்துரைத்திருக்கின்றார். 1888-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் முதல் நூலாலை எழுந்தது. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் பெருகின. காலப்போக்கில் கிணறுதோறும் பம்புசெட்டு வந்தது. தோற்பைக்கு வேலை ஒழிந்தது. ஆனால் தோற்பை தைத்தவர்மேல் ஏற்றிய இழிவு ஒழிந்ததோ? இல்லை. தொழில் மறைந்தது, தொழிலின் பேரால் வந்த இழிவு மட்டும் பேரனுக்குச் சொத்தாக நின்றது.

அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து 1950-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தாழ்த்தப்பட்டோர்க்குரிய நூற்றுக்கு 18 இடங்களுள் அருந்ததியர்க்கு 3 இடங்களைத் தமிழ்நாட்டரசு 2009-ஆம் ஆண்டில் உள் ஒதுக்கீடாக வழங்கியது. இவ்வாறு உட்பிரித்து வழங்க மாநிலங்கட்கு உரிமையுண்டென உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் தீர்ப்பளித்தது. இவை சிறியன அல்ல. இவற்றாற் கல்லூரி வாயிலைக் கண்டோர் பல்லாயிரவர். எனினும், வாயிலைக் கடந்து உள்ளே வந்த இளைஞன் எத்தகைய உள்ளத்தோடு வருகின்றான் என்று வினவுவார் இலர்.

அவன் துயரங்களுள் முதலாவது, ஓருடம்பில் இரண்டு உள்ளங்களோடு வாழ்தல். அமெரிக்க நாட்டுக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் என்பார் 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்நிலையை விளக்கினார். தன்னைத் தன் கண்ணாற் காணாது, தன்னை இகழ்வார் கண்ணாலேயே எப்பொழுதும் அளந்து பார்க்கும் நிலை அது. அந்நாட்டுக் கறுப்பின இளைஞரைப் பற்றி அவர் கூறியது நம் இளைஞர்க்கும் பொருந்தும். கோயமுத்தூரில் வாடகை அறை தேடிச் செல்லும் இளைஞனை வீட்டுக்காரர் இன்முகத்தோடுதான் வரவேற்பார். "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்பார். ஊர்ப்பெயர் சொன்னவுடன், "ஊருக்குள்ளீங்களா, காலனிப் பக்கமுங்களா?" என்பார். கொங்குத் தமிழின் இனிமையெல்லாம் அவ்வினாவில் உண்டு. அதற்குள் ஒரு கத்தியும் உண்டு. உண்மை சொன்னால் அறை இல்லை; பொய் சொன்னால் அறை உண்டு, ஆனால் அன்றுமுதல் உறக்கம் இல்லை. எவர் வருவர், எவர் அறிவர், எந்நாள் வெளிப்படும் என்னும் அச்சம் அவனோடு ஓரறையில் குடியிருக்கும்.

நகரத்தில் அவன் "சார்" என்று அழைக்கப்படுகின்றான். விடுமுறைக்கு ஊர் சென்றால், அறுபது வயதுடைய தன் தந்தையைத் தோட்டக்காரரின் பதினைந்து வயது மகன் பெயர் சொல்லி, "வாடா" என்று அழைப்பதைக் கேட்கின்றான். தந்தை, "இதோ வந்துட்டனுங்க சாமி" என்று ஓடுகின்றார். மகன் வாய் திறந்தால் தந்தையின் கூலி போகும். திறவாவிடின் தன்மேல் தனக்குள்ள மதிப்புப் போகும். இவ்விரண்டனுள் ஒன்றை இருபது வயதில் நாள்தோறும் தெரிந்தெடுப்பவனுக்குத் தலைவலி வருதல் வியப்போ?

இரண்டாவது துயரம், முதற்பட்டதாரி என்னும் சுமை. தாயின் கம்மலும் மகளிர் குழுக் கடனும் அவன் படிப்பாக மாறியிருக்கின்றன. அவன் ஒருவன் தேறினால் குடும்பம் தேறும்; அவன் வீழ்ந்தால் அனைவரும் வீழ்வர். 1944-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டுவரும் உயர்படிப்பு உதவித்தொகை அவனுக்கு உண்டு. ஆனால் அது காலந்தாழ்த்து வருமாயின், கட்டணம் கட்டாதார் பட்டியலில் அவன் பெயர் ஒட்டப்படும். ஏழைமை விளம்பரப் பலகையில் ஏறும். ஆங்கிலம் தடுமாறினால் ஒரு சிரிப்பு. மதிப்பெண் குறைந்தால், "ஒதுக்கீட்டில் வந்தவர்தாமே" என்னும் ஒரு சொல். மதிப்பெண் மிகுந்தாலோ ஐயப்பார்வை. 2016-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா தம் உயிரை முடித்துக்கொண்டபொழுது நாடே திடுக்கிட்டது. இடங்கொடுத்த பின்னும் ஒரு மாணவன் தனியனாய் வாழ்ந்து தனியனாய் மடியக்கூடும் என்பதை அச்சாவு எல்லார்க்கும் உணர்த்தியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது துயரம் அச்சம். இது கற்பனையன்று. 2015-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பொறியியற் பட்டதாரியான கோகுல்ராஜ் என்னும் இளைஞர் திருச்செங்கோட்டுக் கோயிலில் உடன்பயின்ற பெண்ணொருத்தியோடு பேசிக்கொண்டிருந்த பின்னர்க் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்தை அடுத்த இருப்புப்பாதையில் உயிரற்றுக் கிடந்தார். 2022-ஆம் ஆண்டில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப்பேரைக் குற்றவாளிகளெனத் தீர்த்து வாழ்நாட் சிறை விதித்தது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், மனைவியின் கண்ணெதிரே சங்கர் என்னும் பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். இவ்விருவர் பெயரையும் கொங்கு நாட்டின் ஒவ்வொரு காலனி இளைஞனும் அறிவான். வகுப்பில் அருகிருக்கும் மாணவி ஒருத்தி நோட்டுப்புத்தகம் கேட்டால், ஏனையோர்க்கு அது நோட்டுப்புத்தகம். அவனுக்கோ நான்கு புறமும் திரும்பிப் பார்க்க வேண்டிய ஒரு நேரம். "காலேசுக்குப் போறாய், படிச்சுட்டு வந்துரு, பொண்ணுங்ககிட்டப் பேசாதே" என்று தாய் வழியனுப்பும்பொழுது, அவள் ஒழுக்கம் கற்பிக்கின்றாளல்லள், உயிர்ப்பிச்சை கேட்கின்றாள். நட்பும் காதலும் மலரவேண்டிய பருவத்தில் தன் கண்ணையும் சொல்லையும் காவல்காத்து வாழ்பவன் எங்ஙனம் மகிழ்ந்திருப்பான்?

நான்காவது துயரம் தொழில். 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கோயமுத்தூர் மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்கட்கு ஏறத்தாழ 7000 பேர் விண்ணப்பித்தனர். அவருள் பொறியியல் கற்றோரும் பட்டம் பெற்றோரும் பலர் இருந்தனர். அரசினர் வேலையின் உறுதியை நாடி எல்லாக் குலத்தாரும் வந்தனர் என்பது மெய்யே. எனினும், தலைமுறை தலைமுறையாய்த் துடைப்பம் பிடித்த குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெற்ற ஒருவன், அப்பட்டத்தைக் கையிலேந்தி அதே துடைப்பத்திற்கு வரிசையில் நிற்பானாயின், அவன் உள்ளம் என்ன பாடுபடும்! "இதற்குத்தானா படித்தேன்?" என்று பிறன் ஒருவன் கேட்பதற்கும் இவன் கேட்பதற்கும் வேற்றுமை உண்டு. பிறனுக்கு அது வேலையின்மை. இவனுக்கு அது விதியின் நகைப்பு.

இத்துயரங்களையெல்லாம் அவன் எங்கே சென்று உரைப்பான்? வீட்டில் உரைத்தால் தாய் கலங்குவாள். நண்பரிடத்து உரைத்தால் ஆண்மைக்கு இழுக்கு. ஆகவே சிலர் மதுக்கடையில் உரைக்கின்றனர். சிலர் எவரிடத்தும் உரையாமலே போய்விடுகின்றனர். 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் தற்கொலையால் மாண்டோர் 1,70,924 பேர் என அரசின் குற்றப்பதிவுத் துறை கணக்கிட்டது. அவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் ஆடவர். நால்வருள் ஒருவர்க்கு மேல் நாட்கூலிக்கு உழைப்போர். இவ்வாண்டுக் கணக்கு எவர் எக்குலத்தார் என்று கூறுவதில்லை. எண்ணப்படாத துயரத்திற்குப் பரிகாரம் தேடுவார் யார்?

"துன்பம் எல்லார்க்கும் உண்டு, ஏழைமை எல்லாக் குலத்திலும் உண்டு, இவர்க்கு மட்டும் தனிப்புலம்பல் எதற்கு?" என்பார் உளர். அவர்க்கு யான் கூறும் விடை எளிது. ஏழைக் குடியானவன் மகனும் பசித்திருப்பான், கடன்பட்டிருப்பான், தேர்வில் தோற்றுக் கண்ணீர் விடுவான். அவனுக்கும் நம் இரக்கமும் உதவியும் உரியன. ஆயின் அவனுக்கென்று தேநீர்க்கடையில் எவரும் தனிக்குவளை வைத்திலர். பசி உணவாற் போகும். கடன் பொருளாற் போகும். பிறப்பால் இழிந்தவன் என்னும் சொல் எதனாற் போகும்? அது போகுமளவும் அவன் சுமை இரட்டைச் சுமையே.

வேறு சிலர் நேர்மாறாக வாதிப்பர். "இது அநீதி; அநீதிக்கு மருந்து நீதியேயன்றி மாத்திரையன்று. ஒடுக்கப்பட்டவனை நோயாளி என்பது ஒடுக்கியவனைத் தப்புவிக்கும் சூழ்ச்சி" என்பது அவர் கூற்று. இதனுள் பெரியதோர் உண்மை உண்டு. குவளையை இரண்டாக வைத்தவனே உள்ளத்தாற் பிணியுற்றவன். அதனைக் கண்டு மனம் வெதும்பியவன் அல்லன். வெதும்புதல் உயிருள்ள உள்ளத்தின் அடையாளம். தனிக்குவளைக்கு மருத்துவத்தில் மருந்தில்லை. அதனை எடுத்தெறிதலே மருந்து. ஆயினும், காலை வெட்டிய குற்றவாளியைப் பிடிக்கும்வரை குருதியைக் கட்டாது விடுவார் உண்டோ? வழக்குத் தன் வழியே நடக்க; கட்டும் கட்டப்படுக. ஆறு திங்களாய் உறங்காத ஓர் இளைஞனுக்குச் சமூகப் புரட்சி வரும்வரை பொறுத்திரு என்று கூறுதல் அறமாகாது.

இவ்விரண்டையும் ஒருங்கே செய்தோர் உலகில் உளர். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் நம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் பழந்தொடர்பு உண்டு. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆர்லெம் என்னும் பகுதி அதற்கு அண்மையில் உள்ளது. 1946-ஆம் ஆண்டில் அவர், மேலே கூறிய டு பாய்ஸ் அவர்கட்குக் கடிதம் எழுதி, இருமக்களின் நிலையும் ஒத்திருத்தலைச் சுட்டினார். அதே 1946-ஆம் ஆண்டில், அதே ஆர்லெமில், ஒரு தேவாலயக் கட்டடத்தின் நிலவறையில் லஃபார்க் மனநல மருத்துவநிலையம் திறக்கப்பட்டது. பிரெடெரிக் வெர்தாம் என்னும் மருத்துவரும், ரிச்சர்டு ரைட் என்னும் கறுப்பின நாவலாசிரியரும் அதனை நிறுவ முன்னின்றனர். மருத்துவர்கள் ஊதியமின்றி மாலைவேளைகளில் வந்து பணிபுரிந்தனர். இயன்றவர் 25 சென்டு கொடுத்தனர். இயலாதவர் ஒன்றும் கொடுக்கவில்லை. பிற மருத்துவமனைகளில் மதிப்பாரின்றி நின்றவர் அந்நிலவறையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து தம் வாழ்வை உரைத்தனர். நிறவெறியே தங்களிடம் வருவோரின் துயர்க்குப் பெருங்காரணம் என்பதை அம்மருத்துவர்கள் மறைக்கவில்லை. அதனை எதிர்த்துக்கொண்டே சிகிச்சையும் செய்தனர். ஒரு நிலவறையும் சில நாற்காலிகளும் மாலைநேரமும் போதுமாயிருந்தன என்பதை நம் கல்லூரிகள் நினைவில் வைத்தல் நன்று.

பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் கூறுவேன். கறுப்பின ஆடவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவர். ஆனால் முடிதிருத்தகத்திற்குத் தவறாது செல்வர். அங்கே மனம்விட்டுப் பேசுவர். இதனை உணர்ந்த மருத்துவர்கள் லாஸ் ஏஞ்சலிசு நகரில் 52 முடிதிருத்தகங்களில் 319 ஆடவரின் இரத்த அழுத்தத்தைக் கவனித்தனர். மருந்தாளுநர் கடைக்கே சென்று மருந்து கொடுத்த இடங்களில் அழுத்தம் பெரிதும் தணிந்ததென 2018-ஆம் ஆண்டில் அறிவித்தனர். உள்ளத்துயரைக் கேட்டறியவும் முடிதிருத்துவோர்க்குப் பயிற்சியளிக்கும் அமைப்புகள் இப்பொழுது அந்நாட்டில் உள்ளன. இதனைப் படித்தபொழுது எனக்கு முதலில் மகிழ்ச்சியும், அடுத்து நாணமும் உண்டாயின. கொங்கு நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் ஒதுக்கப்பட்ட குலத்தான் முடிதிருத்தகத்துள் நுழையவே இடமிருந்ததில்லை. நான்கு கல் நடந்து, தன்னை அறிவாரில்லாத நகரத்தில் முடிவெட்டிக்கொண்டு திரும்பிய தந்தையரின் மக்களே இன்று நம்மோடு பயில்கின்றனர். அந்நாட்டு இளைஞனுக்குத் தன்னவர் நடத்தும் நாற்காலி ஒன்றாயினும் உண்டு. நம் இளைஞனுக்கு அதுவும் இல்லையாயின், அந்நாற்காலியை நாம் இட வேண்டாவோ?

இனிச் செய்யத்தக்கன யாவை? முதலாவது, கல்லூரிதோறும் மனநலம் கற்ற ஒருவர் இருத்தல் வேண்டும். பெயரளவில் ஓர் அறையும் பூட்டும் போதா. அவர் மாணவர் குலத்தை வினவாதவராயும், மாணவர் தாமே கூறுமிடத்து முகஞ்சுளியாது கேட்பவராயும், கேட்டதை வெளியிடாதவராயும் இருத்தல் வேண்டும். ஒடுக்கப்பட்ட குலங்களினின்று கற்று உயர்ந்தோர் இப்பணிக்கு வருவராயின் மிக நன்று. விளக்காமலே விளங்கும் செய்திகள் பல உண்டு.

இரண்டாவது, உதவித்தொகை தாழ்த்து வருமிடத்துக் கல்லூரியே பொறுத்துக்கொள்ளுதல். மாணவன் பெயரைப் பலகையில் ஒட்டுதல் ஒழிக. அலுவலகத்தில் ஒரு கையொப்பத்தால் நீங்கும் கவலையை மனநல மருத்துவரிடம் அனுப்புதல் வீண்வேலை.

மூன்றாவது, உள்ள உதவியை எல்லார்க்கும் அறிவித்தல். 2015–16-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டு, மனநோயுற்றோருள் நூற்றுக்கு 70 முதல் 92 வரை சிகிச்சை பெறாதவரே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சாதி முதலிய வேற்றுமை பாராது மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அனைவர்க்கும் வழங்குகின்றது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பெறலாம், தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை விடுதி அறைதோறும் எழுதி வைத்தற்கு எவர் உத்தரவும் வேண்டா.

நான்காவதே அனைத்தினும் அரியது. அது ஏனைக் குலங்களிற் பிறந்த மாணவராகிய நம் கடமை. "எந்த ஊருங்க, எந்தப் பக்கமுங்க?" என்னும் வினாவை நாம் கேளாதொழிதல்; வீட்டிற் பெரியோர் கேட்கும்பொழுது வாளாவிராமை. முதியோர் எக்குலத்தாராயினும் "வாங்க" என்று அழைத்தல். நம் ஊர்த் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் கோயில் வாயிலிலும் வேற்றுமை உண்டாயின், விடுமுறைக்குச் செல்லும் நாமே முதலில் அதனை எதிர்த்தல். ஒடுக்கப்பட்டவன் எதிர்த்தால் அவன் தந்தையின் கூலி போகும். நாம் எதிர்த்தால் நமக்குப் போவது யாது? மாமன் மச்சானிடம் ஒருநாட் பேச்சுவார்த்தை போகலாம். அவ்வளவே.

ஒடுக்கப்பட்ட குலத்து இளைய நண்பர்கட்கும் ஒரு சொல் உண்டு. உங்கட்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை; ஆதலின் வேண்டிக்கொள்கின்றேன். உறக்கமின்மையும் நெஞ்சுப்பாரமும் கோழைமையல்ல. பல தலைமுறைச் சுமையைத் தனித்தோளிற் சுமப்பவன் ஒருநாள் இளைப்பாற நினைத்தல் குற்றமன்று. ஒருவரிடம் உரைத்து அவர் கேளாராயின் மற்றொருவரிடம் உரையுங்கள். என் போன்றார் செவிடராயிருந்ததற்காக உலகமே செவிடென்று முடிவுகட்டாதீர்கள்.

திருப்பூரில் அன்று பிரியும்பொழுது, "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று என் நண்பரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நீங்க கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பனுங்க" என்றார். அவர் இப்பொழுது நலமாயிருக்கின்றார். தம் தம்பியைப் படிக்கவைக்கின்றார். ஆயினும் கணக்கில் வல்ல அவ்விளைஞர் பட்டம் பெற்றிலர். அவ்விழப்பை எவராலும் இனி ஈடுசெய்ய முடியாது.

மாணவ நண்பர்களே! இவ்வாண்டும் நம் விடுதிக்குப் புதியோர் வருவர். அவருள் தம் குவளையைத் தனியே கழுவிப் பெட்டியுள் வைத்துப் பூட்டுவார் ஒருவரேனும் இருத்தல் கூடும். அவரைச் சுத்தக்காரர் என்று நகையாதீர்கள். அருகில் அமருங்கள். சாப்பிட்டாரா, உறங்கினாரா என்று கேளுங்கள். விடை வருமளவும் பொறுத்திருங்கள். தண்ணீர் வேட்கை எடுத்தால், அவர் குவளையையே கேட்டு வாங்கி அருந்துங்கள்.